முக்காலி நனையவில்லை

எளிதில் எடுத்துச்செல்லத்தக்க குடை ஆய்வு மையத்தில் இருநூற்றுப் பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள். முப்பத்தோரு வருடமாகப் பார்த்தார்கள். அத்தனை வருடத்தில் மையம் ஒரு குடையைக்கூட அங்கீகரித்ததில்லை. இதை அவர்கள் ஒளித்துமறைக்கவில்லை. வாசலில் நுழைந்ததும் பெரிய பலகை ஒன்றில் 'இதுவரை நிராகரித்தவை' என்று எழுதி, எண்ணை அவ்வப்போது மாற்ற வசதியாகப் பித்தளைத் தகடுகள் மாட்டியிருந்தார்கள். ஆயிரத்து அறுநூற்று எட்டு என்று அது காட்டியது. தகடுகளைத் துடைக்க ஒருவர் இருந்தார். அவர் ஒழுங்காகத் துடைக்கிறாரா என்று பார்க்க இன்னொருவர் இருந்தார்.

மையத்தைத் தொடங்கிய உத்தரவில் ஒரு வரி உண்டு. எளிதில் எடுத்துச்செல்லத்தக்க குடை ஒன்று அங்கீகரிக்கப்படும்வரை, மழை நாட்களில் ஊழியர்கள் வேலைக்கு வரத் தேவையில்லை. எழுதின புண்ணியவான் நல்ல மனசோடுதான் எழுதியிருப்பார். ஆறே மாதத்தில் குடை வந்துவிடும் என்று நம்பியிருப்பார். அந்த வரியைப் பெரிய எழுத்தில் எழுதி, கண்ணாடி போட்டு, இயக்குநர் அறைக்கு வெளியே மாட்டியிருந்தார்கள். வானம் லேசாகக் கறுத்தாலே மூன்று மாடியிலும் நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்கும். தூறல் விழுவதற்குள் கட்டடம் காலி.

இந்த இடத்துக்குத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ரேடியோக்காரர் சட்டைப்பையில் ஒரு குடையை வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

ரேடியோக்காரர் என்பது பழைய பெயர். கடையில் மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, பேசாமல் போன ஒலிபெருக்கி என்று எது வந்தாலும் பார்ப்பார். தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருந்த மனிதர். அவரைக் குடை செய்ய வைத்தது அவர் மனைவியின் நெஞ்சு.

அந்த அம்மாள் நகராட்சியில் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவள். வீட்டு வாசலில் குழிக்குமேல் இருக்கும் இரும்பு மூடியைக் கொக்கி போட்டுத் தூக்கவேண்டும். குனிந்து, சேற்றை வழித்து, கண்ணாடியைத் துடைத்து, எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதவேண்டும். ஒரு நாளைக்கு நூற்றிருபது மூடி. ஒரு கையில் கொக்கி, ஒரு கையில் நோட்டு. மூன்றாவது கை அவளுக்கு முளைக்கவில்லை. நீளக் குடையை எடுத்துப்போனால் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் சாய்த்துவைத்துவிட்டு மறந்துவருவாள். ஒரே பருவத்தில் ஐந்து குடை அப்படிப் போயிற்று. நகராட்சி கொடுத்த மழைக்கோட்டு என்று ஒன்று இருந்தது. வெளியே தூறினால் அதற்குள் கொட்டும். போன வருடம் நனைந்து நனைந்து நுரையீரலில் நீர் கோத்து இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இன்னொரு தடவை இப்படி ஊற ஊற நனைந்தால் தன்னால் எதுவும் செய்யமுடியாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

மறுநாள் கடையில் ரேடியோக்காரர் ஒரு பழைய ரேடியோவின் ஏரியலை இழுத்தார். ஒரு முழம் நீண்டது. அழுத்தினார், விரல் நீளத்துக்கு அடங்கியது. குடைக் கம்பி மட்டும் ஏன் அடங்கக்கூடாது என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியது.

ஏழு மாதம் ஆனது. முதல் குடையை விரித்ததும் கம்பி பறந்து கண்ணாடிக் கதவில் குத்தியது. இரண்டாவது விரிந்தது, மடங்க மறுத்தது. மூன்றாவதைக் காற்று கிண்ணம்போலக் கவிழ்த்துவிட்டது. கம்பியை இறுக்கி முடுக்குவதுதான் தப்பு, ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் தளர்வு விட்டால் காற்றுக்கு வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்ப நிமிரும் என்று நான்காவதில் புரிந்தது. கேசட் பெட்டி மூடியின் சுருள்வில் இரண்டு, எட்டு ஏரியல், ஒரு பொத்தான். துணிக்கு அவளுடைய பழைய மழைக்கோட்டின் கிழியாத முதுகுப்பக்கம். அதில் வெள்ளை நூலில் தைத்திருந்த அவளுடைய ஊழியர் எண் 417 பிடிக்குப் பக்கத்தில் உள்பக்கமாக வந்து நின்றது. அவர் அதைப் பிரிக்கவில்லை.

மடக்கினால் மூக்குக்கண்ணாடிக் கூடு அளவு. கட்டைவிரலால் அழுத்தினால் தக்கென்று விரியும். இன்னொரு கையே வேண்டாம். ஒரு மூடிக்கும் அடுத்த மூடிக்கும் நடுவே அவள் அதை விரித்தாள். குனியும்போது பிடியைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். ஒன்பது நாள் மழையில் வேலை பார்த்துவிட்டு ஒரு இருமல்கூட இல்லாமல் வீட்டுக்கு வந்தாள். ரேடியோக்காரர் தன் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்தது அந்த ஒன்பது நாள்தான் என்று சொல்லலாம்.

பத்தாம் நாள் அவளுடைய மேற்பார்வையாளர் ஜீப்புக்குள் இருந்தபடியே குடையைப் பார்த்துவிட்டார். பணி நேரத்தில் அங்கீகாரம் பெற்ற சாதனங்களை மட்டுமே பயன்படுத்தலாம் என்பது விதி. முத்திரை எங்கே என்று கேட்டார். "மூக்கு துடைக்கிற கைக்குட்டைக்கு முத்திரை இருக்கா சார்?" என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்விக்குத் தனியாக ஒரு விளக்கக் கடிதம் எழுதவேண்டி வந்தது. முத்திரை வாங்கும்வரை குடையை எடுத்துவந்தால் வேலை போய்விடும் என்று எழுத்தில் கொடுத்தார்கள்.

ரேடியோக்காரர் விண்ணப்பத்தை ஒன்றுக்கு நான்கு பிரதியாகப் பூர்த்திசெய்தார். அவசரம் அவர்களுக்குப் புரியட்டும் என்று, மனைவியின் ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் கூடவே இணைத்தார். யாரும் கேட்காத அந்த ஒரு காகிதத்தை இணைத்ததை நினைத்துப் பின்னால் அவர் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

வரவேற்பு மேசையில் இருந்த அம்மாளை எல்லாரும் முத்திரையம்மா என்றார்கள். மையத்தின் ரப்பர் முத்திரைகள் அத்தனையும் அவர் இழுப்பறையில்தான் இருந்தன. 'நிராகரிக்கப்பட்டது' தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. 'அங்கீகரிக்கப்பட்டது' இன்னும் கடைக்காரர் சுற்றிக்கொடுத்த காகிதத்திலேயே இருந்தது.

குடை எங்கே என்று அவர் கேட்டார். ரேடியோக்காரர் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தார். முத்திரையம்மா அதைப் பென்சிலால் தள்ளிப் பார்த்துவிட்டு, பரிசோதனை முடியும்வரை மாதிரி மையத்தின் பொறுப்பில் இருக்கும், அதற்குள் இன்னொன்று செய்தால் விண்ணப்பம் ரத்து என்று படிவத்தின் பதினேழாவது வரியைக் காட்டினார். பிறகு அளவுப் பிரிவுக்கு அனுப்பினார்.

அளவுப் பிரிவில் குடையைப் பொருத்தும் மேசை ஒன்று இருந்தது. அதன் இரண்டு பிடிகளுக்கும் நடுவே தொண்ணூறு சென்டிமீட்டர். ரேடியோக்காரரின் குடை ஒரு பிடியில் மாட்டி, இன்னொன்றை எட்டாமல் நின்றது. மேசையை மாற்றமுடியாது, அது அரசாங்க மேசை என்றார்கள். கடைசியில் அங்கேயே கிடந்த துடைப்பக் கழி ஒன்றைக் குடையின் அடியில் கட்டச் சொன்னார்கள். கட்டினார். நீளம் தொண்ணூற்று மூன்று என்று குறித்துக்கொண்டார்கள்.

அடுத்த அறையில் அந்தத் தாளைப் பார்த்த அதிகாரி தலையை ஆட்டினார். தொண்ணூற்று மூன்று சென்டிமீட்டர் குடையை எப்படி எளிதில் எடுத்துச்செல்வது? கழியை அவிழ்த்துவிடலாம் என்று ரேடியோக்காரர் சொன்னார். கட்டியது யார் என்று அதிகாரி கேட்டார். நான்தான் என்று அவர் சொன்னதும், அப்படியானால் அது விண்ணப்பதாரரே செய்த வடிவமைப்பு என்று எழுதிக்கொண்டார். அந்தக் கழி குடையின் 'தற்காலிகத் துணை உறுப்பு' என்று ஒரு குறிப்பு வாங்குவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. அந்தக் குறிப்பு வந்ததால் கழியை இனி அவிழ்க்கவும் கூடாது என்றானது.

பிறகு சுமந்துபார்க்கும் பரிசோதனை. இதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். குடையோடு நீளத் தாழ்வாரத்தில் நாற்பது தடவை நடந்து, பாரம் தெரிகிறதா என்று சொல்லவேண்டியது அவர் வேலை. ஆனால் போன வருடம் அவருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. அந்தப் பதவியில் இருப்பவர் கையில் எதையும் தூக்கிக்கொண்டு நடப்பது முறையல்ல. ஆகவே அவர் முன்னால் கைவீசி நடந்தார். கடைநிலை ஊழியர் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். நாற்பது தடவை முடிந்ததும் அதிகாரி மூச்சுவாங்க உட்கார்ந்து, தனக்கு எந்தப் பாரமும் தெரியவில்லை என்றும், குடை இருப்பதாகவே உணரவில்லை என்றும், இல்லாத பொருளைப் பற்றிக் கருத்துச் சொல்ல இயலாது என்றும் அறிக்கை எழுதினார். தூக்கி நடந்தவரைக் கேட்கலாமே என்று ரேடியோக்காரர் சொன்னார். அந்த ஊழியர் பதறிப்போய், "என்னை ஏண்ணே மாட்டிவிடுறீங்க, எனக்குக் கருத்துச் சொல்ற தகுதி இன்னும் வரலை" என்றார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவியின் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அத்தான், குடையைவிட உங்க ஃபைல்தான் பெருசா இருக்கு. பேசாம அக்காவை அதைத் தலைக்குமேல பிடிச்சுக்கிட்டுப் போகச் சொல்லுங்க." அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் பிடித்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் குடையைப் பற்றி நகைச்சுவை பேசவில்லை.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. மிச்சம் இருந்தது மழைப் பரிசோதனை ஒன்றுதான். அது இயற்கையான மழையில்தான் நடக்கவேண்டும். பூவாளித் தண்ணீர் தோட்டக்கலைத் துறையின் அதிகாரத்துக்கு உட்பட்டது. மழை பெய்தது. ரேடியோக்காரர் ஓடினார். கதவு பூட்டியிருந்தது. மழை பெய்தால் காவலாளிக்கும் விடுமுறை. பூட்டைப் பார்த்தபடி நனைந்துவிட்டுத் திரும்பினார். மழை இல்லாத நாளில் போனார். எல்லாரும் இருந்தார்கள், மழைதான் இல்லை. இப்படி நான்கு தடவை நடந்தபிறகு இயக்குநரைப் பார்க்க அனுமதி கிடைத்தது.

இயக்குநர் மென்மையாகப் பேசுகிறவர். தனக்கென்று ஒரு கஷ்டமும் வந்திராதவர்களுக்கு இருக்கும் பொறுமை அவரிடம் நிறைய இருந்தது. ரேடியோக்காரரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்.

"உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா எங்க நிலைமையையும் நீங்க பாக்கணும். நாளைக்கே உங்க குடையை நான் பாஸ் பண்ணிட்டேன்னு வைங்க. மறுநாள் காலையில இருநூத்திப் பதினாலு பேர் வந்து எதைப் பரிசோதிப்பாங்க? மழையில வேற வந்தாகணும். அவங்களுக்கும் குழந்தைகுட்டி இருக்கில்ல? ஒரு நல்ல குடை வந்தா இத்தனை பேர் நனைவாங்க. அதை யோசிச்சீங்களா? நாங்க குடைக்கு எதிரி இல்லீங்க. குடை மேல எங்களைவிட யாருக்கு அக்கறை? அதனாலதான் அவசரப்பட்டு ஒண்ணைக்கூட வெளிய விடல."

ரேடியோக்காரர் கையைக் கூப்பினார். தன் மனைவி தினமும் நனைகிறாள் என்றார். அதைக் கேட்டதும் இயக்குநர் முகம் மலர்ந்தது. ஃபைலைப் புரட்டி ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்தார்.

மழைப் பரிசோதனைக்கு ஓர் ஒப்பீட்டு நபர் வேண்டும் என்றார். குடைக்கு அடியில் ஒரு முக்காலி. பக்கத்தில் குடை இல்லாமல் ஒரு மனிதர். இரண்டில் எது நனைகிறது என்று பார்ப்பார்கள். ஊழியர்கள் நனையக்கூடாது, அது அவர்கள் உரிமை. விண்ணப்பதாரரும் நிற்கக்கூடாது, ஆர்வத்தில் அதிகமாக நனைந்துவிடுவார். நனைந்து பழகியவர் என்பதற்கு மருத்துவச் சான்று உள்ள ஒருவர் கிடைக்காமல்தான் இத்தனை வருடம் எந்தக் குடையும் இந்தக் கட்டத்தைத் தாண்டவில்லை. இப்போது கடவுள் புண்ணியத்தில் சான்று ஃபைலிலேயே இருக்கிறது.

ரேடியோக்காரர் எழுந்து நின்றார். அவள் நனையக்கூடாது என்பதற்காகத்தானே குடையே செய்தேன் என்றார். வேண்டாம், விண்ணப்பத்தைத் திரும்பக் கொடுங்கள் என்றார். திரும்பப் பெற ஒரு படிவம் உண்டு, ஆனால் மாதிரியைத் தரமாட்டார்கள், அதைப்போல இன்னொன்று செய்யவும் முடியாது என்று இயக்குநர் வருத்தத்தோடு சொன்னார். நகராட்சிக்குக் கடிதமும் போய்விட்டது. அவளை மாற்றுப்பணியில் அனுப்பியாகிவிட்டது.

அவள் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மூக்கை உறிஞ்சியபடி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "அரை மணி நேரம்தானே போட்டிருக்கு. தினமும் அதைவிட ஜாஸ்தியாத்தான் நனையறேன். ஒரு தடவை நின்னுட்டா அப்புறம் காலம் பூரா நனைய வேண்டாம்ல? விடுங்க."

மறுநாள் முதல் அவள் மையத்தின் முற்றத்துப் படியில் உட்கார்ந்து மழைக்குக் காத்திருந்தாள். அவர் கடையைப் பூட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மழை வரும்போல் இருந்தால் ஊழியர்கள் போய்விடுவார்கள். இவர்களும் எழுந்து போகவேண்டியதுதான். பதினோரு நாள் இப்படி. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் பளிச்சென்ற வெயிலில், முன்னறிவிப்பு ஒன்றும் இல்லாமல் மழை கொட்டிவிட்டது. இருநூற்றுப் பதினான்கு பேரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். வெளியே போக ஒருவரிடமும் குடை இல்லை.

வேறு வேலை இல்லாததால் பரிசோதனையை நடத்தினார்கள்.

முற்றத்தின் நடுவே முக்காலியை வைத்து, அதன்மேல் வெள்ளைத் தாள் ஒன்றை வைத்தார்கள். துடைப்பக் கழியோடு குடையைத் தாங்கியில் பொருத்தினார்கள். இரண்டடி தள்ளி, சுண்ணாம்புக் கோடு போட்ட வட்டத்துக்குள் அவளை நிறுத்தினார்கள். இயக்குநர் பரிசோதனைப் படிவத்தில் தொடக்க நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று மாடித் தாழ்வாரங்களிலும் ஊழியர்கள் வரிசையாக நின்று கைப்பிடிச்சுவரில் சாய்ந்து பார்த்தார்கள். யாரோ முறுக்கைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

அரை மணி நேரம் கழித்து ஒருவர் குனிந்து தாளைத் தொட்டுப் பார்த்தார். மொடமொடவென்று இருந்தது. ஊழியர் சங்கத் தலைவர் அந்தத் தாளை வீட்டில் புகுந்த பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். குடை தேறிவிட்டது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ரேடியோக்காரர் மட்டும் குடையைப் பார்க்கவில்லை. வட்டத்துக்குள் நின்றவளின் உதடு நீலம் பாரித்திருப்பதைப் பார்த்தார்.

இயக்குநர் படியில் இறங்கிவந்தார். "அடுத்தவங்க சொல்றதை வச்சு நான் எப்பவுமே முடிவெடுக்கறதில்லை" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். துடைப்பக் கழியை அவரே அவிழ்த்து எறிந்தார். குடையை மடக்கினார். பொத்தானை அழுத்தினார். தக்கென்று விரிந்தது. அவர் முகத்தில் ஒரு குழந்தையின் சந்தோஷம் தெரிந்தது. இன்னொரு தடவை மடக்கி விரித்தார். பிறகு வாசலில் நின்ற தன் கார்வரைக்கும் ஒரு சொட்டு மேலே படாமல் நடந்தார். குடையை மடக்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஏறினார். கார் போய்விட்டது.

படிவத்தில் முடிவு நேரம் காலியாக இருந்தது. ரேடியோக்காரர் முத்திரையம்மாவிடம் ஓடினார். தொடங்கிவைத்தவர்தான் முடித்துவைக்கவேண்டும், அவர் நாளைக்கு வருவார் என்று முத்திரையம்மா சொன்னார். இதற்குள் கடைநிலை ஊழியர் தலையில் ஒரு கோணியைப் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்தார். ரேடியோக்காரர் ஒரு கணம் நம்பிக்கையோடு பார்த்தார். அந்த ஊழியர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடிவிட்டார். அரசாங்கச் சொத்து நனையக்கூடாது.

ரேடியோக்காரர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் வரவில்லை.

"இப்ப நகர்ந்தா மறுபடி முதல்லேருந்துன்னு சொல்வாங்க. இன்னொரு தடவை என்னால நிக்க முடியாதுங்க" என்றாள்.

அவர் சட்டையைக் கழற்றி அவள் தலைக்குமேல் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டார். விண்ணப்பதாரர் பரிசோதனையில் குறுக்கிடுகிறார் என்று இரண்டாம் மாடியிலிருந்து ஒருவர் குறித்துக்கொண்டார். இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து மழை தானாக நின்றது. ஊழியர்கள் வட்டத்தைச் சுற்றிக்கொண்டு, சேறு படாமல் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி வீட்டுக்குப் போனார்கள்.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் அவள் இறந்துபோனாள். குடை பாஸாகிவிட்டதா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள். ஆகிவிட்டது என்று அவர் பொய் சொன்னார். அதற்கப்புறம் அந்த மனிதருக்கு எதுவுமே பொருட்டாக இல்லாமல் போயிற்று.

கடிதம் ஒரு மாதம் கழித்து வந்தது. ஒப்பீட்டு நபர் முழுமையாக நனைந்தார், முக்காலி நனையவில்லை. இருப்பினும், பரிசோதனை முடிவு நேரம் பதியப்படாததாலும், மாதிரிக் குடை மையத்தில் எங்கு தேடியும் கிடைக்காததாலும், விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. இவ்வளவு சிறிய பொருள் தொலைந்துபோகும் தன்மை உடையது என்பது மையத்தின் பணிவான கருத்து. மீண்டும் விண்ணப்பிக்க விரும்பினால் புதிய மாதிரியோடு, முன்னவரின் உயரமும் அதே மருத்துவ வரலாறும் உள்ள ஒப்பீட்டு நபர் ஒருவரையும் அனுப்பிவைக்கவும். கீழே, தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்று இருந்தது. குடை தொலைந்ததற்கா, மனைவி போனதற்கா என்று தெரியவில்லை. வாசல் பலகையில் தகடு மாறி ஆயிரத்து அறுநூற்று ஒன்பது ஆனது.

மச்சினன் கடிதத்தைப் படித்துவிட்டு, போய்க் கல்லெறியலாம் வாங்க அத்தான் என்றான். ரேடியோக்காரருக்கு அதற்கும் தெம்பு இல்லை. அவருக்குக் குடைகூட வேண்டாம். அந்தத் துணி மட்டும் வேண்டும். அவள் பத்து வருடம் போட்டுத் திரிந்த கோட்டின் முதுகு அது. வெள்ளை நூலில் தைத்த அவளுடைய எண் வீட்டில் வேறு எதிலும் இல்லை. தொலைந்திருந்தால் தேடித்தரச் சொல்லி ஒரு மனு எழுதினார். எழுதி முடித்த நாள் மழை. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று பழகியவர்தானே, பரவாயில்லை என்று நனைந்துகொண்டே போனார்.

கதவு திறந்திருந்தது.

அந்த மழைக்காலம் முழுக்க, ஒரு நாள் தவறாமல் அலுவலகம் வந்த ஒரே ஆள் இயக்குநர்தான். கொட்டுகிற மழையிலும் கடமை தவறாத அவருக்கு அரசாங்கம் கேடயம் கொடுத்திருந்தது. அது அவர் மேசையில் இருந்தது. ரேடியோக்காரர் வாசலில் நிற்கும்போதே, சற்றுமுன் வெளியே போயிருந்த இயக்குநரின் கார் திரும்பி வந்து நின்றது. தக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எட்டுக் கம்பியும் சரியாக விரிந்தன. காற்று ஒரு பக்கம் தள்ளியது; குடை கொஞ்சம் வளைந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்தது. ஏழு மாத வேலை பழுதாகவில்லை.

இயக்குநர் படியேறி வந்து மனுவை வாங்கினார். நின்ற இடத்திலேயே, ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, முழுவதும் படித்தார். பிடிக்குப் பக்கத்தில் வெள்ளை நூலில் 417 தெரிந்தது. அவர் கண்ணில் நிஜமாகவே ஈரம் கட்டியது.

"நாங்க தேடாத இடமில்லைங்க" என்றார். "கிடைச்சா முதல்ல உங்களுக்குத்தான் சொல்லி அனுப்புவேன்."

குடையை இரண்டு தடவை உதறினார். மடக்கிக் கோட்டுப் பையில் வைத்தார். உள்ளே போகத் திரும்பியவர், ரேடியோக்காரரின் வேட்டியிலிருந்து வழிந்த தண்ணீரைக் குனிந்து பார்த்தார்.

"கொஞ்சம் வெளியவே நில்லுங்க. தரை ஈரமாகுது" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.